சர்வரில் எந்தெந்த போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வர் ஒன்றை முதல்முறை கையில் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ‘இதில் என்னென்ன ஓடுகிறது?’ என்றுதான். கேட்பது ஒன்று, உள்ளே இருப்பது மூன்று: என்ன ஓடுகிறது, அதில் எது நெட்வொர்க்கில் காத்திருக்கிறது, அதிலும் எதை வெளியாள் எட்ட முடிகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதி வம்பு தொடங்குகிறது. போர்ட் என்பது, சர்வருக்கு வரும் பேச்சில் எது எந்த ப்ரோகிராமுக்கு என்று பிரிக்கும் கதவு எண்.

போனில் சொல்லிச் சொல்லிப் பழகியதால் கட்டளைகளையும் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் வகையறா எதுவானாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

நேரம் இல்லை. ஒரே ஒரு கட்டளை சொல்லுங்கள், போதும்.

‘சுடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்’.

சுடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்பது), இடைவெளி, எஸ்எஸ் என்று இரண்டே எழுத்து, மறுபடி இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஐந்து எழுத்து. டி என்றால் டிசிபி, இணைப்பு போட்டுப் பேசும் முறை. யு என்றால் யுடிபி, இணைப்பு போடாமல் தனித்தனி பாக்கெட்டாக அனுப்பும் முறை. எல் போட்டால் காத்திருப்பவை மட்டும் வரும். பி போட்டால் எந்த ப்ராசஸ், அதாவது ஓடுகிற எந்த ப்ரோகிராம் என்று தெரியும். என் போட்டால் எண்ணைப் பெயராக மாற்றாமல் எண்ணாகவே காட்டும். எழுத்துகளை எந்த வரிசையில் தட்டினாலும் சரி.

அந்த என் எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் போர்ட் எண்ணுக்குப் பதில், ஈடிசி அடைவில் இருக்கும் சர்வீசஸ் கோப்பைப் பார்த்து ஒரு பெயரை எழுதும். அந்தக் கோப்பு வெறும் தொலைபேசிப் புத்தகம். 8080-இல் உண்மையில் எது உட்கார்ந்திருந்தாலும் டெபியன், உபுண்டுவில் ‘ஹெச்டிடிபி-ஆல்ட்’ என்றுதான் வரும். அதை நம்பி ‘அங்கே வெப் சர்வர்தான் ஓடுகிறது’ என்று அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிகள் வந்துவிட்டன. இதில் எதைப் பார்க்க வேண்டும்?

இப்படி நான்கு வரி வந்ததாக வைத்துக்கொள்வோம் (பிஐடி என்பது ஓடும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள எண்):

டிசிபி – லிசன் – 0 – 128 – 0.0.0.0:22 – எஸ்எஸ்ஹெச்டி, பிஐடி 812
டிசிபி – லிசன் – 0 – 151 – 127.0.0.1:3306 – மைஎஸ்க்யூஎல்டி, பிஐடி 1044
டிசிபி – லிசன் – 0 – 511 – 0.0.0.0:6379 – ரெடிஸ்-சர்வர், பிஐடி 2290
யுடிபி – அன்கான் – 0 – 0 – 127.0.0.53%எல்ஓ:53 – சிஸ்டம்டி-ரிசால்வ், பிஐடி 640

புதியவர்களின் கண் நேராகக் கடைசிப் பத்திக்குப் போகும், பெயரைப் படிக்க. நீங்கள் நடுவில் இருக்கும் முகவரியை முதலில் பாருங்கள். 0.0.0.0 என்றால் இந்த இயந்திரத்தின் எல்லா நெட்வொர்க் கார்டிலும் காத்திருக்கிறது, வெளி உலகம் பார்க்கும் கார்டு உட்பட. 127.0.0.1 என்றால் இந்த இயந்திரத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே பேச முடியும். குறிப்பிட்ட ஒரு ஐபி இருந்தால் அந்த முகவரிக்கு வருவது மட்டும். இரட்டைப் புள்ளிக்குப் பின்னால் நிற்பது போர்ட் எண்.

இந்தப் பட்டியலில் 22 எதிர்பார்த்ததுதான்: எஸ்எஸ்ஹெச், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி. நீங்களே அது வழியாகத்தானே உள்ளே வந்தீர்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306 உள்ளுக்குள்ளேயே இருக்கிறது, நல்ல பிள்ளை. 127.0.0.53 என்று விசித்திரமாக இருப்பது உபுண்டுவில் பெயரை ஐபியாக மாற்றித்தரும் உள்ளூர் வேலையாள். சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் எல்ஓ, லூப்பேக் கார்டைக் குறிப்பது. அதை விட்டுவிடலாம். வியர்க்க வைப்பது மூன்றாவது வரி: தரவை நினைவகத்தில் வைத்துத் தரும் டேட்டாபேஸான ரெடிஸ் 0.0.0.0-இல் நிற்கிறது.

இந்த மூன்றாவது வரி நான் பட்டது. ஒரு ராத்திரி, என் லேப்டாப்பிலிருந்து சோதித்துப் பார்ப்பதற்காக ரெடிஸை எல்லா முகவரியிலும் திறந்துவிட்டேன். கடவுச்சொல் போடவில்லை. ரெடிஸ் 3.2-இலிருந்து இதைத் தடுக்கவே பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அது வழிமறித்ததும் அதையும் அணைத்துவிட்டேன். ‘காலையில் சரி செய்துகொள்ளலாம்’ என்று படுத்தாயிற்று, காலையில் வேறு வேலை வந்துவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால் சிபியு நூறு சதவீதத்தில் நிற்கிறது, கிரான்டேபில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டியவற்றின் பட்டியல்) நான் எழுதாத ஒரு வரி, யாருக்காகவோ என் சர்வர் கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து பெயரைப் படிப்பதற்கு முன் முகவரியைப் படிக்கிறேன்.

நடுவில் வரும் 0, 128, 511 எல்லாம் என்ன?

காத்திருக்கும் டிசிபி சாக்கெட்டில் (சாக்கெட் என்பது ப்ரோகிராம் நெட்வொர்க்கில் பேசத் திறக்கும் முனை) இரண்டாவது எண், வரிசையில் எத்தனை பேர் நிற்கலாம் என்ற வரம்பு. முதல் எண், இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது. அது பெரும்பாலும் 0 ஆகத்தான் இருக்கும். 0 இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் உங்கள் ப்ரோகிராம் வந்தவர்களை உள்ளே அழைக்காமல் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ‘சர்வீஸ் ஓடுகிறது, ஆனால் பதில் வரவில்லை’ என்ற புலம்பலுக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இது.

ப்ராசஸ் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறதே?

பத்துக்கு ஒன்பது தடவை சுடோ போட மறந்திருப்பீர்கள். உங்களுக்குச் சொந்தமில்லாத ப்ராசஸ் எந்த சாக்கெட்டை வைத்திருக்கிறது என்பதை கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, சாதாரணப் பயனருக்குக் காட்டாது.

சுடோ போட்டும் காலியாக இருந்தால் பயந்துவிட வேண்டாம். சில போர்ட்டுகளைத் திறந்து வைத்திருப்பது ப்ராசஸ் அல்ல, கெர்னலேதான். என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வைத்திருந்தால் 2049, வயர்கார்டு என்ற விபிஎன் போட்டிருந்தால் பெரும்பாலும் யுடிபி 51820. இரண்டுக்கும் பெயர் வராது, வரவும் முடியாது. வயர்கார்டுதானா என்று உறுதி செய்ய ‘சுடோ டபிள்யூஜி ஷோ’ போட்டால் எந்த போர்ட் என்று அதுவே சொல்லிவிடும்.

டீமன், சர்வீஸ், ப்ராசஸ் — மூன்றும் ஒன்றா?

ப்ராசஸ் என்பது ஓடுகிற எதுவும். யார் திரையிலும் ஒட்டாமல் பின்னணியில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை டீமன் என்பார்கள். 1960-களில் எம்ஐடியின் ப்ராஜெக்ட் மேக் குழுவில் வைத்த பெயர். இயற்பியலில் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் மேக்ஸ்வெல்லின் பூதத்திலிருந்து எடுத்தது. எஸ்எஸ்ஹெச்டி, கிரான்டி என்று பெயரின் வாலில் நிற்கும் ‘டி’ அந்த டீமன்தான். சர்வர் எழும்போது எல்லாவற்றையும் கிளப்பி மேய்க்கும் ப்ரோகிராம் சிஸ்டம்டி; அதற்கு ஆணையிடும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். சர்வீஸ் என்பது டீமனையே சிஸ்டம்டி கூப்பிடும் பெயர். பேச்சில் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வோம், ஒன்றும் குடி முழுகாது.

சிஸ்டம்சிடிஎல் போட்டால் நாற்பது சர்வீஸ் வருகிறது, எஸ்எஸ் போட்டால் ஆறுதான். எது உண்மை?

இரண்டும் உண்மை. ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-யூனிட்ஸ் --டைப்=சர்வீஸ் --ஸ்டேட்=ரன்னிங்’ என்பது ஓடுகிறவர்கள் பட்டியல். எஸ்எஸ் தருவது நெட்வொர்க்கில் காத்திருப்பவர்கள் பட்டியல். கிரான் ஓடும், ஆனால் எந்த போர்ட்டிலும் காத்திருக்காது. பதிவேடு எழுதும் ஜர்னல்டியும் அப்படித்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. யாரோ ஒருவர் டெர்மினலில் கையால் கிளப்பிவிட்ட பைதான் ப்ரோகிராம் 8000-இல் காத்துக்கொண்டிருக்கும்; அதற்கு சர்வீஸ் கோப்பே கிடையாது, சிஸ்டம்டியின் சர்வீஸ் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது. ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு குழப்பம்: ‘ஆக்டிவ்’ வேறு, ‘எனேபிள்ட்’ வேறு. ஆக்டிவ் என்றால் இப்போது ஓடுகிறது. எனேபிள்ட் என்றால் சர்வர் அடுத்த முறை எழும்போது தானாகக் கிளம்பும். நிறுத்திவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள். எனேபிள்ட் ஆகவே விட்டிருந்தால் ரீபூட்டில் மறுபடி வந்து நிற்கும். இரண்டையும் ஒரே அடியில் முடிக்க ‘சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ்’ என்று போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுங்கள்.

அண்ணா, சர்வீஸை நிறுத்தினேன். ஆனால் போர்ட் இன்னும் திறந்திருக்கிறது, யாராவது தொட்டதும் சர்வீஸ் மறுபடி எழுந்துவிடுகிறது. பேயா?

பேய் இல்லை, சாக்கெட் ஆக்டிவேஷன். சர்வீஸ் தூங்கும்போது அதற்குப் பதிலாக சிஸ்டம்டியே போர்ட்டில் காவல் இருக்கும். யாராவது வந்து தட்டினால் உரிய சர்வீஸை எழுப்பி இணைப்பைக் கையில் கொடுத்துவிடும். எஸ்எஸ் பட்டியலில் ப்ராசஸ் பெயர் சிஸ்டம்டி என்றும் பிஐடி 1 என்றும் வந்தால் இதுதான் விஷயம்.

யோசனை பழையது. 1986-இல் வந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே ஐநெட்டி என்ற டீமன் இதே வேலையைப் பார்த்தது. நினைவகம் தங்கம் போல இருந்த காலம்; எஃப்டிபி, டெல்நெட், ஃபிங்கர் என்று பத்து டீமனைச் சும்மா உட்கார வைக்காமல் ஒருவரை வாசலில் நிறுத்தி, தேவைப்படும்போது மற்றவர்களைக் கூப்பிடலாம் என்ற கணக்கு. இன்றைக்கும் சில பழைய சர்வர்களில் ஈடிசி அடைவில் ஐநெட்டி.கான்ஃப் அல்லது எக்ஸ்ஐநெட்டி.டி கண்ணில் படும். பட்டால் திறந்து பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் சர்வீஸ்கள் யாராவது தட்டும்வரை ப்ராசஸ் பட்டியலில் வரவே வராது.

இப்போதைய வடிவத்துக்குப் பட்டியல் வேண்டுமென்றால் ‘சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-சாக்கெட்ஸ்’. நிறுத்தும்போது சர்வீஸை மட்டும் நிறுத்தாமல் அதே பெயரில் .சாக்கெட் என்று முடியும் யூனிட்டையும் (சிஸ்டம்டி மேய்க்கும் ஒவ்வொன்றும் ஒரு யூனிட்) சேர்த்து நிறுத்த வேண்டும். எக்காரணம் கொண்டும் எழக் கூடாது என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் மாஸ்க்’.

உபுண்டுவில் இது பலரைக் கடித்திருக்கிறது. 22.10 பதிப்பிலிருந்து அங்கே எஸ்எஸ்ஹெச்சே சாக்கெட் வழியாகத்தான் எழுகிறது. எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் போர்ட்டை மாற்றி, வழக்கம்போல சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ‘மாறவே இல்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். 24.04-இல் கான்ஃபிக்கை மாற்றிய பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, அப்புறம் ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்’. செய்யும்போது இருக்கிற விண்டோவை மூடாதீர்கள். இரண்டாவது விண்டோவில் புதிய போர்ட்டில் நுழைந்து பார்த்த பிறகு மூடுங்கள்.

போர்ட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்தால் என்னவென்றே புரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பிஐடியைப் பிடித்துக்கொண்டு போங்கள். பிஐடி 2290 என்றால் முதலில் ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் 2290’. ஆமாம், சர்வீஸ் பெயருக்குப் பதிலாக எண்ணையே கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது. அந்த ப்ராசஸ் எந்த யூனிட்டின் கீழ் வருகிறது, யார் பெற்ற பிள்ளை என்று மரம் போல வரைந்து காட்டும். சர்வீஸ் பெயர் வராமல் ‘செஷன்’ என்று வந்தால் யாரோ லாகின் செய்து கையால் ஓட்டியது.

அடுத்து ‘சுடோ எல்எஸ் -எல் /ப்ராக்/2290/எக்ஸ்இ’. டிஸ்க்கில் எந்தக் கோப்பிலிருந்து ஓடுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. ப்ராசஸ் தன் பெயரை இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், இந்த இணைப்பை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. பாதை யுஎஸ்ஆர் அடைவுக்குள் இருந்தால் எந்தத் தொகுப்போடு வந்தது என்று கேளுங்கள்: டெபியன் வகையில் ‘டிபிகேஜி -எஸ்’, இந்த எஸ் பெரிய எழுத்து, ரெட் ஹேட் வகையில் ‘ஆர்பிஎம் -க்யூஎஃப்’. பாதை டிஎம்பி அடைவையோ டெவ் அடைவுக்குள் இருக்கும் எஸ்ஹெச்எம்-ஐயோ காட்டினால் காபியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள்.

பாதையின் வாலில் ‘டிலீட்டட்’ என்று வந்தால் உடனே திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம். தொகுப்பை அப்டேட் செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டாலும் அப்படித்தான் வரும். கோப்பு புதியது, ஓடுவது இன்னும் பழையது. பாதுகாப்பு அப்டேட் போட்டும் பலனில்லாமல் போவது இப்படித்தான்.

80-க்கு ஐபிவி6 வரி மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் ஐபிவி4-இல் வெப்சைட் எப்படித் திறக்கிறது?

ஐபிவி4 பழைய ஐபி முகவரி முறை, ஐபிவி6 புதியது. லினக்ஸில் ஒரு ஐபிவி6 சாக்கெட் இயல்பாக இரண்டு வகையையும் ஏற்கும். எஸ்எஸ் அதை *:80 என்று காட்டும், பழைய நெட்ஸ்டாட் டிசிபி6 என்ற தலைப்பில் :::80 என்று காட்டும். எஸ்எஸ் பட்டியலில் [::]:80 என்று அடைப்போடு வந்தால் அது ஐபிவி6 மட்டும். ஃபயர்வாலில் ஐபிவி4-க்கு மட்டும் விதி எழுதிவிட்டு ஐபிவி6-ஐ மறந்தவர்களுக்கு இந்த நட்சத்திரம் ஒரு நினைவூட்டல்.

ஃபயர்வால் போட்டிருக்கிறேன். டேட்டாபேஸ் போர்ட்டை மூடிவிட்டேன். ஆனால் வெளியிலிருந்து திறக்கிறது என்கிறார்கள். எப்படி?

டாக்கர், அதாவது ப்ரோகிராம்களை கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி, ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் கதை முடிந்தது.

‘-பி 5432:5432’ என்று போட்டு கன்டெய்னரை ஓட்டினால் டாக்கர் நேராக ஐபிடேபிள்ஸுக்குள், அதாவது லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகளுக்குள், தன் சொந்த விதிகளை எழுதும். வரும் பாக்கெட்டின் சேருமிடத்தை ஆரம்பத்திலேயே கன்டெய்னரின் ஐபிக்கு மாற்றிவிடும். அதனால் அந்த பாக்கெட் இந்த இயந்திரத்துக்கு வந்ததாகவே கருதப்படாது, இதைத் தாண்டிப் போகிற பாக்கெட்டாகத்தான் கருதப்படும். உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் எழுதிய ‘டினை 5432’ காவல் காப்பது இன்புட் பாதையில். பாக்கெட்டோ ஃபார்வர்டு பாதையில் போய்விட்டது. ‘யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்’ பார்த்தால் மூடியிருக்கிறது என்றே சொல்லும். அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொல்கிறது.

‘டாக்கர் பிஎஸ்’ போட்டு போர்ட்ஸ் பத்தியைப் பாருங்கள். 0.0.0.0:5432 என்று தொடங்கி ஒரு அம்புக்குறி வந்தால் ஊருக்கே திறந்திருக்கிறது. அம்புக்குறி இல்லாமல் வெறும் 5432/டிசிபி என்றால் வெளியே திறக்கப்படவில்லை. சரி செய்ய எளிய வழி: ஓட்டும்போதே ‘-பி 127.0.0.1:5432:5432’. கம்போஸ் கோப்பிலும் முன்னால் 127.0.0.1 சேர்த்தால் போதும். ஒரே சர்வரில் இருக்கும் இரண்டு கன்டெய்னர் தங்களுக்குள் பேசுவதற்கு இந்த -பி தேவையே இல்லை, ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் பாதி இந்த வரியைத் தேவையில்லாமல் வைத்திருக்கின்றன. எல்லோரும் அப்படியே வெட்டி ஒட்டுகிறார்கள்.

இன்னொன்று. கன்டெய்னருக்குள் காத்திருப்பவை வெளியே போடும் எஸ்எஸ்ஸில் வராது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் உலகம். உள்ளே எட்டிப் பார்க்க, அதன் பிஐடியைக் கொடுத்து ‘சுடோ என்எஸ்என்டர் -டி 2290 -என் எஸ்எஸ் -டியுஎல்பிஎன்’.

கன்டெய்னருக்குள் போனால் எஸ்எஸ்ஸும் இல்லை, நெட்ஸ்டாட்டும் இல்லை. என்ன செய்ய?

‘கேட் /ப்ராக்/நெட்/டிசிபி’. அசிங்கமாக இருக்கும், ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. போர்ட் எண் பதினாறடிமான எண்ணாக இருக்கும்: 0016 என்றால் 22, 0050 என்றால் 80, 1538 என்றால் 5432. நிலையைச் சொல்லும் பத்தியில் 0ஏ இருந்தால் அது காத்திருக்கும் சாக்கெட். ஐபிவி6-க்கு அதே இடத்தில் டிசிபி6 என்ற கோப்பு.

உள்ளேயிருந்து பார்த்தாயிற்று. வெளியிலிருந்தும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். எஸ்எஸ் சொல்வது ‘இங்கே ஆள் இருக்கிறார்’ என்பதை. அவரை யார் எட்டலாம் என்பது சர்வரின் ஃபயர்வால், கிளவுடின் செக்யூரிட்டி குரூப், நடுவில் இருக்கும் ரவுட்டர் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது. அதை வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

வீட்டு இணைப்பிலிருந்து ஒரே போர்ட்டைப் பார்க்க ‘என்சி -இசட்வி’ போட்டு ஐபி, போர்ட் கொடுங்கள். மூன்றில் ஒரு பதில் வரும். இணைந்தால் திறந்திருக்கிறது. உடனே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால் சர்வர் வரை போய்விட்டீர்கள், ஆனால் அந்த போர்ட்டில் ஆள் இல்லை. சில சமயம் ஃபயர்வாலும் முகத்துக்கு நேராக மறுக்கும். ரொம்ப நேரம் தொங்கி ‘டைம்ட் அவுட்’ என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் உங்கள் பாக்கெட்டை சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. இந்த இரண்டு மறுப்புக்கும் வித்தியாசம் தெரிந்தால் அரை மணி நேரத் தேடல் மிச்சம்.

முழுதாகப் பார்க்க என்மேப். கார்டன் லயன் 1997-இல் வெளியிட்ட கருவி, இன்றும் அதற்கு நிகரில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சும்மா ‘என்மேப்’ போட்டு ஐபியைக் கொடுத்தால் அதிகம் புழங்கும் 1000 போர்ட்டை மட்டும்தான் பார்க்கும். யாரும் யோசிக்காத 47000-இல் ஒளித்து வைத்தது அதில் சிக்காது. ‘-பி-’ சேர்த்தால் 1 முதல் 65535 வரை பார்க்கும். உங்களுடைய சர்வரையோ எழுத்தில் அனுமதி வாங்கியதையோ மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பது விளையாட்டில்லை.

யுடிபியையும் பார்க்க வேண்டுமா? யாரும் பார்ப்பதில்லையே.

அதனால்தான் அங்கே தூசு படிகிறது. யுடிபியில் இணைப்பு என்று ஒன்று கிடையாது. அதனால் எஸ்எஸ்ஸில் லிசன் என்று வராது, ‘அன்கான்’ என்று வரும். லிசன் என்ற சொல்லை மட்டும் தேடி வடிகட்டுபவர்களின் பட்டியலிலிருந்து யுடிபி முழுக்க நழுவிவிடும்.

நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு மெம்கேஷ்டி நல்ல உதாரணம். டேட்டாபேஸ் பதில்களை நினைவகத்தில் வைத்துத் தரும் சாதுவான டீமன், 11211 போர்ட். அந்தக் காலத்தில் டிசிபியோடு யுடிபியையும் இயல்பாகவே திறந்து வைக்கும். யுடிபியில் அனுப்பியவர் முகவரியைப் பொய்யாகப் போடலாம். இத்தனூண்டு கேள்வியை அடுத்தவன் முகவரியில் அனுப்பினால், பதில் மலை போல அவன் தலையில் போய் விழும். 2018 பிப்ரவரி 28-இல் கிட்ஹப் மீது இப்படி வந்த வெள்ளம் உச்சத்தில் விநாடிக்கு 1.35 டெராபிட். அந்த சர்வர்களின் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் இயந்திரம் அதில் பங்கெடுத்தது தெரிந்திருக்கும்? அதற்குப் பிறகுதான் மெம்கேஷ்டி 1.5.6-இல் யுடிபியை இயல்பாக அணைத்து வைத்தார்கள்.

யுடிபியை வெளியிலிருந்து என்மேப்பால் பார்க்க ‘-எஸ்யூ’ வேண்டும், யூ பெரிய எழுத்து. மகா மெதுவாக நகரும், பாதி போர்ட்டுக்கு ‘திறந்திருக்கலாம், தடுக்கப்பட்டும் இருக்கலாம்’ என்று நழுவலாகப் பதில் வரும். யுடிபிக்கு உள்ளேயிருந்து எஸ்எஸ் போடுவதே நல்லது.

எவை இருக்கலாம், எவை இருக்கக் கூடாது? ஒரு பட்டியல் கொடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. வெப் சர்வரில் 80, 443, 22 போதும். மற்றது ஒவ்வொன்றுக்கும் ‘இது எதற்கு?’ என்று கேட்டு உங்களால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

நான் அடிக்கடி பிடுங்கிப் போடுபவை சில. 111-இல் ஆர்பிசிபைண்ட்: என்எஃப்எஸ் பயன்படுத்தாவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை. யுடிபி 5353-இல் அவாஹி: வீட்டு நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தேட உதவும், டேட்டா சென்டரில் யாரைத் தேடப் போகிறது? 631-இல் கப்ஸ், அதாவது பிரிண்டர் சர்வீஸ். சர்வரில் யார் பிரிண்ட் எடுக்கிறார்கள் என்று சிரிப்போம், ஆனால் டெஸ்க்டாப் தொகுப்பைத் தெரியாமல் ஏற்றிய சர்வர்களில் இருக்கும். 2024 செப்டம்பரில் கப்ஸ்-ப்ரவுஸ்டியில் பெரிய ஓட்டைகள் வெளிவந்தபோது சிரிப்பு நின்றது. அது யுடிபி 631-இல் எல்லா முகவரியிலும் காத்திருந்து, யார் எதை அனுப்பினாலும் வாங்கிக்கொண்டிருந்தது. 25-இல் போஸ்ட்ஃபிக்ஸ் இருந்தால் உடனே பிடுங்காதீர்கள்: 127.0.0.1-இல் மட்டும் நின்றால், பெரும்பாலும் கிரான் அனுப்பும் மெயிலுக்காக இருக்கும்.

127.0.0.1-இல் மட்டும் இருந்தால் முழு நிம்மதிதானே?

பெருமளவு நிம்மதி. முழுதாக இல்லை. அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் அதை எட்டலாம். எஸ்எஸ்ஹெச் வைத்திருப்பவர் டனல் போட்டுத் தன் லேப்டாப்புக்கு இழுத்துக்கொள்ளலாம். உங்கள் வெப் ப்ரோகிராம், பயனர் கொடுக்கும் முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கும் வகையாக இருந்தால், வெளியாள் அதன் தோள்மேல் ஏறி உள்ளே பேசலாம். ஆகவே உள்ளே இருப்பதற்கும் கடவுச்சொல் வையுங்கள்.

போர்ட் எண்ணை மாற்றி வைத்தால் பாதுகாப்பா?

பதிவேட்டில் குப்பை குறையும், அவ்வளவுதான். 22-க்கு ஒரு சின்னக் கதை உண்டு: 1995-இல் எஸ்எஸ்ஹெச்சை எழுதிய தாத்து யூலனென் எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்து, அதைத் தரும்படி மெயில் போட்டார். மறுநாளே கிடைத்துவிட்டது.

நெட்ஸ்டாட்தான் எனக்குக் கை வந்தது. விண்டோஸில்?

டெபியன் 9 வந்த 2017-இலிருந்தே நெட்ஸ்டாட் இருக்கும் நெட்-டூல்ஸ் தொகுப்பு இயல்பாக ஏறுவதில்லை. ஏற்றிக்கொண்டால் அதே ‘-டியுஎல்பிஎன்’ அங்கேயும் வேலை செய்யும், விரலை மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸில் ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’, கடைசிப் பத்தி பிஐடி. ஃப்ரீபிஎஸ்டியில் ‘சாக்ஸ்டாட் -எல்’. மேக்கில் ‘சுடோ எல்எஸ்ஓஎஃப் -ஐ -பி -என்’. ஐ சிறியது, பி பெரியது.

சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று சந்தேகம். எஸ்எஸ் சுத்தமாகக் காட்டுகிறது. நம்பலாமா?

கூடாது. ரூட் அதிகாரம் அவன் கையில் இருந்தால் எஸ்எஸ் கோப்பையே மாற்றியிருப்பான், அல்லது கெர்னலுக்குள் ஒரு மாட்யூலை ஏற்றித் தன் போர்ட்டை மட்டும் மறைத்திருப்பான். வெளியிலிருந்து எல்லா போர்ட்டையும் என்மேப்பால் பார்த்து, உள்ளே வந்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். வெளியே திறந்திருப்பது உள்ளே தெரியாமல் இருந்து, அதற்கு டாக்கரோ கெர்னலோ காரணமில்லை என்றால் அந்த சர்வரை நம்புவதை நிறுத்துங்கள். டிஸ்க்கின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, புதிய இயந்திரத்தில் முதலிலிருந்து ஏற்றுங்கள். சுத்தம் செய்து அதையே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

கண்ணால் பார்க்கும் வேலையை நீங்கள் தொடர்ந்து செய்யமாட்டீர்கள். நானும் செய்வதில்லை. சர்வரை ஏற்றி, எல்லாம் சரி என்று ஆன அன்று எஸ்எஸ் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். பிஐடி ரீபூட்டுக்கு ரீபூட் மாறும், அதை வெட்டிவிட்டு முகவரி, போர்ட், ப்ராசஸ் பெயர் மட்டும் வைத்து வரிசைப்படுத்துங்கள். தினமும் காலையில் கிரான் அதே பட்டியலைப் புதிதாக எடுத்து ‘டிஃப்’ போட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் இருந்தால் மட்டும் மெயில் வரட்டும்.

என் சர்வர்களில் மாதக்கணக்கில் மெயிலே வராது. கடைசியாக வந்ததில் ஒரே ஒரு புதிய வரி: *:9090, ப்ராசஸ் பெயர் சிஸ்டம்டி. பிஐடி 1 என்றதும் ‘லிஸ்ட்-சாக்கெட்ஸ்’ போட்டேன், காக்பிட்.சாக்கெட் என்று வந்தது. பிரவுசரிலேயே சர்வரை நிர்வகிக்கும் கருவி. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கேட்டேன். “சும்மா எப்படி இருக்கும்னு போட்டுப் பார்த்தேன் அண்ணா, அன்னிக்கே சர்வீஸை நிறுத்திட்டேனே” என்றான்.